எதிரியானவர் இறந்ததற்குச் சாட்சிகள்

எழுத்துப்பிழை உள்ள காகிதம் கண்ணில் பட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஹோட்டல் மெனு அட்டையில் 'பொறியல்' என்று போட்டிருந்தால், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் இலை போடச் சொல்வேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஹோட்டல்காரர்கள் என் தலை தெரிந்ததும் அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மிஸ்பா மேடம் அவர்களுக்கு, என் பெயர் ராஜாங்கம். பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, முப்பத்தொரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். உங்கள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி தமிழ் மொழிபெயர்த்துக் கொடுத்த சுமலதா என் மகள். பொங்கலுக்கு முன்பு வந்த கோப்பில் என்ன நடந்தது என்று அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு இதை நானே எழுதுகிறேன். பத்திர நடையில் எழுதினால் உங்கள் ஆபீசில் படிக்க ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் எளிய நடையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நான் எழுதிய பத்திரம் ஒன்றுகூட இதுவரை கோர்ட்டுக்குப் போனதில்லை. தளவானூரில் வேறொருவர் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'புளியமரத்துக்குக் கிழக்கே' என்று இருந்தது. அங்கே இரண்டு புளியமரம். அண்ணனும் தம்பியும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் போகவில்லை. ஒரு சொல் குறைந்ததால் வந்த வினை. அதனால் என் கடையில் 'அவன்', 'அங்கே', 'அது' என்ற சொற்களுக்கு இடம் கிடையாது. யார், எவர் மகன், எந்த ஊர், நான்கு எல்லை என்ன, சாட்சி இருவர் யார். இவை ஐந்தும் இல்லாமல் நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஆடி மாதம் எங்கள் தொழிலில் யாரும் வர மாட்டார்கள். ஆடியில் யார் மனை வாங்குவார்கள்? கடையைத் திறந்து வைத்து, கோட்டைக் குரங்கு வந்து டீக்கடை பன்னைத் தூக்கிக்கொண்டு போவதை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. போன ஆடியில் ஒரு நாள் காலையில் சுமலதா மடிக்கணினியோடு கடைக்கு வந்தாள். நாலாயிரம் வரி முடித்திருந்தாள். இரண்டு வருஷமாக வேலை தேடியவளுக்கு முதலில் கிடைத்த வேலை. சரியாகச் செய்தால் அடுத்த வேலை வரும், அதன் பிறகு நிரந்தரம் ஆகும் என்று நீங்கள் சொன்னதாக வீட்டில் எல்லாரிடமும் இரண்டிரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

"நைனா, எழுத்துப்பிழ மட்டும் பாரு. வேற ஒண்ணியும் தொடாத" என்றாள்.

"இன்னா சமாச்சாரம் இது?"

"துப்பாக்கி சண்ட போடுற கேமு. பேசறது கீழ எழுத்தா வரும்."

கேம் என்று அவள் சொன்னது உண்மை. ஆனால் ஒரு பக்கம் இங்கிலீஷும் மறு பக்கம் அவள் தமிழுமாக இருந்த கோப்பின் தலைப்பைப் பார்த்தேன். 'ஃபைனல் டீட்' என்று இருந்தது. சேல் டீட் தெரியும், கிஃப்ட் டீட் தெரியும், மார்ட்கேஜ் டீட் தெரியும். டீட் என்றால் பத்திரம். அதை என்னிடம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுமலதா 'இறுதிச் செயல்' என்று போட்டிருந்தாள். குழந்தை தடுமாறிவிட்டது என்று நினைத்து, 'கடைசிப் பத்திரம்' என்று திருத்தினேன். அதுதான் நான் தொட்ட முதல் இடம். அதற்குமேல் கையை நிறுத்த முடியவில்லை.

உள்ளே போகப் போக எல்லாம் நம் தொழில் சொற்களாகவே இருந்தன. ஒரு தளபதி 'எக்ஸிக்யூட்' என்கிறார். ஒரு பத்திரத்தை எக்ஸிக்யூட் செய்வது என்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. சுமலதா 'கைதியைக் கொல்' என்று எழுதியிருந்தாள். நான் 'கைதிக்கு எழுதிக் கொடுக்கவும்' என்று மாற்றினேன். சிப்பாய்கள் ஓடும்போது 'சார்ஜ்' என்று கத்துகிறார்கள். சுமலதா 'தாக்கு' என்று எழுதியிருந்தாள். சொத்தின் மேல் சார்ஜ் இருந்தால் அதற்கு வில்லங்கம் என்று பெயர். 'வில்லங்கம்' என்று போட்டேன். ஓர் இடத்தில் 'செட்டில்மென்டைக் கொளுத்து' என்று வந்தது. குடியிருப்பு என்று எழுதியிருந்தாள். சொத்தைக் குடும்பத்துக்குள் எழுதிவைக்கும் செட்டில்மென்ட் பத்திரத்தைக் கொளுத்தச் சொல்கிறார்களே என்று இரண்டு தடவை படித்தேன். யோசித்து, 'நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொளுத்தவும்' என்று எழுதினேன்.

மற்ற வரிகளில் குறை இருந்தது. 'வாசலில் எதிரி. சுடு.' இவ்வளவுதான் எழுதியிருந்தாள். எந்த வாசல்? எந்த எதிரி? யார் சுட வேண்டும்? நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் என்ன பதில்? ஆகவே, 'கோட்டைக் கிழக்கு வாசலுக்கு மேற்கு, பாழ்கிணற்றுக்கு வடக்கு, கொட்டகைக்குத் தெற்கு, கொடிமரத்துக்குக் கிழக்கு, இந்நான்கெல்லைக்கு உட்பட்டு நின்றுகொண்டிருக்கும் மேற்படி எதிரியானவரை, அவர் இன்னார்தான் என்று தெரிந்துகொண்ட பிறகு, தாங்கள் சுட்டுக்கொள்ள வேண்டியது' என்று எழுதினேன். எதிரி ஒருவர் செத்ததும் 'எதிரி காலி' என்று வரும் இடத்தில், 'எதிரியானவர் இறந்ததற்குச் சாட்சிகள்: 1. 2.' என்று போட்டு, பெயருக்கு இடம் விட்டேன். ஒரு உயிர் போகிறது. இரண்டு பேர் கையெழுத்தாவது வேண்டாமா?

ஆடி முடிவதற்குள் நாலாயிரம் வரியும் முடிந்தது. பென்டிரைவைக் கொடுத்தேன். "நைனா பாத்துட்டா நான் பாக்க வாணாம்" என்று சொல்லி, திறந்துகூடப் பார்க்காமல் உங்களுக்கு அனுப்பினாள். அந்த நம்பிக்கையை நான் இன்றும் பெருமையாக நினைக்கிறேன்.

ஐப்பசியில் விளையாட்டு வெளியானது. அது ஒரே ஒரு கம்பெனியின், டிவியோடு மாட்டும் விளையாட்டுப் பெட்டியில்தான் ஓடுமாம். மற்றவர்களுக்குப் பாத்தியம் கிடையாது. செஞ்சியில் அந்தப் பெட்டி வைத்திருப்பது பிலால் ஒருவன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஜகபர் அலியின் மகன். புது விளையாட்டு வந்தால் முதல் நாளே ஆடிக் காட்டி யூடியூபில் நேரலையாகப் போடுவான். சுமலதாவின் பெயர் வருமென்று நானும் என் சம்சாரம் ரத்தினம்மாளும் அவளோடு கடைக்குப் போய் உட்கார்ந்தோம். ஜகபர் பாய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

விளையாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், அவசரத்தில் பதிந்த பத்திரம் போல இருந்தது. குதிரை தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. தளபதியின் மீசை ஒரு பக்கம் போக, முகம் இன்னொரு பக்கம் போனது. ஒரு சிப்பாய் பாதி உடம்பு சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்று கையாட்டிக்கொண்டிருந்தான். எல்லை அளக்காமல் சுவர் வைத்தால் அப்படித்தான் ஆகும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு எழுத்து வந்தது. திரையில் முக்கால்வாசியை எழுத்தே எடுத்துக்கொண்டது. பிலால் வாய்விட்டுப் படித்தான். "கோட்டைக் கிழக்கு வாசலுக்கு மேற்கு, பாழ்கிணற்றுக்கு வடக்கு..." கொட்டகைக்கு வருவதற்குள் எதிரிகள் அவனைச் சுட்டுவிட்டார்கள். மறுபடி படித்தான். மறுபடி செத்தான். அந்த முதல் வாசலிலேயே பதினாலு தடவை.

"இன்னா மாமா இது? கேமா, தாலுகா ஆபீசா?" என்றான் என்னைப் பார்த்து. அவனுக்கு நான் எழுதியது தெரியாது. பத்திர வாசனை அடித்ததால் கேட்டிருக்கிறான்.

சுமலதா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சொல்ல விரும்பவில்லை. டீ ஆறிப்போனது. வீட்டுக்குப் போனதும், "எழுத்துப்பிழ தான பாக்கச் சொன்னேன்" என்று மட்டும் கேட்டாள். பிறகு அழுதாள். ரத்தினம்மாள் இரண்டு நாள் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை. ரசத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளும் பிலாலின் நேரலைக்குக் கீழே எல்லா ஊர்க்காரர்களும் விளையாட்டைத் திட்டி எழுதினார்கள். பாதி வெந்த சோறு என்றார் ஒருத்தர். தமிழைப் போட்டவரைக் கோட்டை உச்சியிலிருந்து தள்ள வேண்டும் என்றார் இன்னொருத்தர். அவர் எழுதியதிலேயே மூன்று பிழை. 'ஒரு வரி ரெண்டு சொல்லுக்கு மேல போகக் கூடாது, படிக்கறதுக்குள்ள உயிர் போவுது' என்று பலர் எழுதியிருந்தார்கள். அதைக் குறித்துவைத்துக்கொண்டேன். பின்னால் அது உதவியது.

மூன்றாம் நாள்தான் காற்று திரும்பியது. பிலால் தட்டுத்தடுமாறி ஓர் எதிரியைச் சுட்டுவிட்டான். 'எதிரியானவர் இறந்ததற்குச் சாட்சிகள்: 1. 2.' என்று வந்தது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ விளையாட்டாக, கீழே, 'சாட்சி 1: பெரியதம்பி, வந்தவாசி' என்று எழுதினார். உடனே, 'சாட்சி 2: அமிர்தவல்லி, ஈப்போ' என்று மலேசியாவிலிருந்து ஒரு அம்மாள் எழுதினார்கள். அடுத்த எதிரிக்கு நாற்பது பேர் சாட்சிக்கு நின்றார்கள். அதற்கடுத்த எதிரிக்கு யார் முதல் சாட்சி என்று சண்டையே வந்துவிட்டது. ஒருத்தர் தகப்பனார் பெயர், கதவு எண்ணோடு போட்டார். அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதன் பிறகு யாரும் விளையாட்டில் ஜெயிக்க ஆடவில்லை. தமிழைப் படிக்கத்தான் ஆடினார்கள். எதிரி ஓடி வந்தால் ஊரெல்லாம் 'வில்லங்கம்' என்று எழுதினார்கள். செஞ்சி பஜாரில் பையன்கள் வண்டி மோதிக்கொண்டால், "நகல் எடுத்துட்டு கொளுத்தவும்" என்றார்கள். கதாநாயகனின் நண்பன் குண்டடி பட்டு விழும் இடத்தில் நான் உயில் நடையில் எழுதியிருந்தேன். 'நான் சுயநினைவோடும் நல்ல மனநிலையோடும், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் மனைவிக்குச் சொல்லிக்கொள்வது என்னவென்றால்' என்பதோடு அவன் உயிர் போய்விடும். என்னவென்றால் என்பதற்கு மேல் நேரமில்லை. அந்த இடத்தில் ஈப்போ அமிர்தவல்லி அம்மாள் அழுததாக எழுதினார்கள். நானும் கொஞ்சம் அழுதேன்.

கார்த்திகையில் உங்கள் கடிதம் வந்தது. நினைவிருக்கும். இந்தத் தமிழை ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம், மார்கழியில் புதிதாக எண்ணூறு வரி வரும், அதையும் இதே நடையில் எழுதித் தர வேண்டும், வந்ததும் சுமலதாவுக்குச் சென்னை ஆபீசில் நிரந்தர வேலை என்று எழுதியிருந்தீர்கள்.

அவள் கடைக்கு ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"நைனா, மெட்ராசுக்கு வரச் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு தடவ எழுதிக் குடு. அப்பறம் நானே கத்துக்கிறேன்."

"எழுதிட்டாப் போச்சு" என்றேன்.

எனக்கு எதிரில் ஒரு நாற்காலி இருக்கிறது. எழுதிக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி இல்லை, அதற்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. அதில் சுமலதாதான் பள்ளிக்கூட நாளிலிருந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வேலை தேடிய இரண்டு வருஷமும் அங்கேதான் இருந்தாள். அவள் போனபின் அதில் யார் உட்காருவார்கள் என்று சும்மா ஒரு கேள்வி வந்தது. அவ்வளவுதான். தொழில்காரனுக்கு இப்படிக் கேள்விகள் வருவது இயல்பு.

மார்கழியிலும் எங்களுக்கு வேலை கிடையாது. எண்ணூறு வரியை நிதானமாக எழுதினேன். இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், மேடம். ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

'சுடு' என்று எழுதினேன். 'ஓடு' என்று எழுதினேன். 'குனி', 'மேலே பார்', 'எதிரி காலி'. முதல் நாள் ஜனங்கள் கேட்டது அதைத்தானே. விமர்சனத்தை மதிக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்கிறவன். பழைய நாலாயிரம் வரிக்கும் சுமலதா ஆடியில் எழுதிய கோப்பு என்னிடம் இருந்தது. என் வரிகளை எடுத்துவிட்டு அவளுடையதைத் திரும்ப வைத்தேன். வில்லங்கம் போயிற்று. நான்கெல்லை போயிற்று. சாட்சிகளும் போனார்கள். வைக்கும்போது ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. மிகவும் நன்றாக எழுதியிருந்தாள். ஆடியிலேயே அதைச் சொல்லியிருக்கலாம்.

இப்படி எழுத எனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்பீர்கள். 'சுடு' என்று எழுத யாருக்குத்தான் தெரியாது?

சுமலதாவும் ரத்தினம்மாளும் சென்னைக்கு ஹாஸ்டல் பார்க்கப் போன நாள் காலையில் பென்டிரைவைக் கொடுத்தேன். திண்டிவனம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "பாக்கணுமா நைனா?" என்று கேட்டாள். "நான் பாத்துட்டேன்" என்றேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்து, திறந்து பார்க்காமலேயே உங்களுக்கு அனுப்பிவிட்டு, எனக்குக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். அது பொய் இல்லை. நான் பார்த்துத்தான் இருந்தேன்.

போகிக்கு முதல் நாள் அந்தக் கோப்பு 'அப்டேட்' என்ற பெயரில் விளையாட்டுக்குள் வந்தது. பிலால் கடையில் கூட்டம். முதல் எதிரி வந்தான். 'சுடு' என்றது திரை. பிலால் சுட்டான். 'எதிரி காலி' என்றது. கையெழுத்துப் போடக் காத்திருந்த அத்தனை பேரும் ஒன்றும் எழுதவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஈப்போ அம்மாள் மட்டும், 'நான் எங்கே போடுவது?' என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமே இல்ல மாமா. வெறும் கேமா இருக்குது" என்றான் பிலால். அன்று அவன் ஒரு தடவைகூடச் சாகவில்லை. அதுவே அவனுக்கு வருத்தம்.

ஒரு வாரத்தில் தமிழில் ஆடுகிறவர்கள் கலைந்துவிட்டார்கள். குதிரை இன்னும் ஒரு முழம் மேலேதான் நிற்கிறதாம். நீங்கள் சுமலதாவின் வேலையை நிறுத்திவைத்து விளக்கம் கேட்டீர்கள். அவள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். பஸ் ஆட்டத்தில் பழைய கோப்பை மாற்றி அனுப்பிவிட்டேன் என்று நினைக்கிறாள். அப்படியானால் புது எண்ணூறு வரியும் சுருக்கமாக எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டாள். கம்ப்யூட்டர் விவகாரம் எனக்கு என்ன தெரியும் என்றேன். உங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்து, நாலு தடவை கிழித்துப் போட்டாள். ஐந்தாவதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மனம் கேட்கவில்லை.

இப்போது தை பிறந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் கூட்டம் நெரிகிறது. வீட்டில் சும்மா இருந்தால் மனசு கெடும் என்று சுமலதாவைக் கடைக்கு வரச் சொன்னேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தளவானூர்க்காரர் ஒருவரின் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு புளியமரத்தையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறாள். வெளியே புதுப் பலகை மாட்டியிருக்கிறது. 'ராஜாங்கம் & மகள், பத்திரம் எழுதுமிடம்.' பெயின்டர் தங்கராஜ் நன்றாக எழுதியிருக்கிறார். கார்த்திகையில், உங்கள் கடிதம் வந்த மறுநாள் சொல்லிவைத்தது. பிழை வராமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

ஆகவே மேற்படி கோப்பை மாற்றியவன் நானே. சுமலதா குற்றமற்றவள். அவளுக்கு வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டியது. இது என் முழுச் சம்மதத்தின் பேரில் எழுதியது.

இதை இன்றே உங்களுக்கு அனுப்பலாம். ஆனால் கீழே சாட்சிகள் இருவர் வேண்டும். ரத்தினம்மாளிடம் கேட்டால் ரசமும் நின்றுபோகும். பிலாலிடம் கேட்டால் நேரலையில் படித்துவிடுவான். சுமலதா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறாள், அவளிடம் எப்படிக் கேட்பது? எவனோ ஒரு எதிரி செத்ததற்கு வந்தவாசியிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் நூறு பேர் கையெழுத்துக்கு வந்தார்கள். எனக்கு ஒருவர்கூட இல்லை. அதனால் இப்போதைக்கு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறேன். சாட்சி இல்லாத காகிதம் செல்லாது என்பதை முப்பத்தொரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

இப்படிக்கு,
ராஜாங்கம்

சாட்சிகள்:
1.
2.